மலையிலிருந்து இறங்கிப் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களின் கேள்விகள்

கோவையில் புற்றுநோய் வார்டில் 22 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றிவிட்டு, இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். நீலகிரியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை தவணை என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் மலையில் இருக்கிறீர்கள், இரவு எட்டு மணிக்கு மேல் உங்கள் ஊருக்குப் பேருந்து இல்லை, மார்கழியில் உறைபனி விழுகிறது என்பதெல்லாம் நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

கேள்வி (கூடலூர்): சிஸ்டர், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு மார்பகத்தில் கட்டி. ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இந்தப் பயத்தாலேயே மூன்று மாதம், ஆறு மாதம் என்று தள்ளிப்போட்டு, கட்டி புண்ணாகி உடைந்த பிறகு வந்த தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மார்பகக் கட்டியிலிருந்து ஊசி மூலம் சதை எடுப்பதால் நோய் பரவுவதில்லை. மரத்துப்போவதற்கு ஊசி போட்டுவிட்டு, நூல் துண்டு போன்ற நான்கைந்து துணுக்குகளை எடுப்பார்கள். அன்றே வீடு திரும்பலாம். அது புற்றா இல்லையா என்பதோடு, ஹார்மோனால் வளரும் வகையா, ஹெர்2 என்ற புரதம் மிகுந்த வகையா என்பதையும் அந்தத் துணுக்கில்தான் பார்க்கிறார்கள். முடிவு வர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். அந்த நாட்கள் வீணாகிவிட்டதாக எண்ண வேண்டாம். வகை தெரியாமல் தொடங்கும் சிகிச்சைதான் வீண். கட்டி பெரிதாக இருந்தால் முதலில் கீமோ, அதாவது புற்றணுக்களை அழிக்கும் மருந்து, கொடுத்துச் சுருக்கிவிட்டு, அதன் பிறகு அறுவை சிகிச்சை செய்வார்கள். “ஆபரேஷன் செய்யாமல் அனுப்பிவிட்டார்கள், கைவிட்டுவிட்டார்கள்” என்று அழுதுகொண்டு நின்ற குடும்பங்களுக்கு இதை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அம்மாவை இந்த வாரமே அழைத்துப் போங்கள்.

கேள்வி (குன்னூர்): மூன்றாம் ஸ்டேஜ் என்று எழுதியிருக்கிறார்கள். இன்னும் எத்தனை நாள் என்பதைத்தான் அது சொல்கிறதா?

பதில்: இல்லை. கட்டியின் அளவு, அருகிலுள்ள நெறிக்கட்டிகளுக்கு அது போயிருக்கிறதா, வேறு உறுப்புக்குப் பரவியிருக்கிறதா என்ற மூன்றையும் வைத்து ஸ்டேஜைக் குறிக்கிறார்கள். மூன்றாம் ஸ்டேஜில் முழுமையாகக் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் பெரும்பாலும் சிகிச்சையைத் தொடங்குகிறோம். “இந்தச் சிகிச்சை குணமாக்குவதற்கா, கட்டுப்பாட்டில் வைப்பதற்கா?” என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். நோயாளிக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.

கேள்வி (கேத்தி): பெருங்குடல் புற்றுக்காக அப்பாவுக்கு முதல் கீமோ போட்டு வந்தோம். மறுநாள் காலை குழாயைத் தொட்டதும் கையில் கரண்ட் அடித்தது போல் இருந்ததாம். தண்ணீர் குடித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது என்று பயந்துபோய்விட்டார்.

பதில்: ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து அதில் இருக்கிறதா என்று கீமோ அட்டையில் பாருங்கள். குளிர்ச்சி பட்டால் விரல் நுனி, உதடு, தொண்டை ஆகியவற்றில் கூச்சமும் அடைப்பு உணர்வும் வருவது அந்த மருந்தின் அறிந்த விளைவு. சமவெளியில் இருப்பவர்களிடம் “ஃபிரிட்ஜ் தண்ணீர் குடிக்காதீர்கள்” என்று சொன்னால் போதும். நம் ஊரில் குழாய்த் தண்ணீரே ஃபிரிட்ஜ் தண்ணீர்தான். விடியற்காலையில் கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டால்கூட அந்தக் கூச்சம் வரும். எனவே மருந்து ஏறிய நாளிலிருந்து ஒரு வாரத்துக்காவது அவர் படுக்கைக்குப் பக்கத்தில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கட்டும். எழுந்தவுடன் கையுறையும் காலுறையும் போட்டுக்கொண்ட பிறகே கட்டிலை விட்டு இறங்க வேண்டும். வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடிக்கொண்டால், குளிர்காற்று நேராகத் தொண்டையில் படாது. தொண்டை அடைப்பது போன்ற உணர்வு அச்சமூட்டினாலும் மூச்சுக்குழாய் உண்மையில் அடைபடுவதில்லை. வெதுவெதுப்பான நீரை மெல்லக் குடித்தால் தணியும். ஆனால் முகம் வீங்கினாலோ, உடம்பெங்கும் தடிப்பு வந்தாலோ, மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ அது ஒவ்வாமை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. அடுத்த தவணை வரும்வரை மரத்துப்போவது நீடித்தால், சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றால், கட்டாயம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார்கள் அல்லது அந்த மருந்தை நிறுத்துவார்கள். சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்று மறைத்தவர்களில் சிலருக்கு அந்த மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

கேள்வி (கோத்தகிரிக்கு அருகே ஓர் ஹட்டி, அதாவது படகர் ஊர்): கீமோ போட்டு ஒன்பதாம் நாள் இரவு என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. பாராசிட்டமால் கொடுத்து, விடியட்டும் என்று இருந்தோம். அது சரியா?

பதில்: அவர் நலமாக இருப்பது நிம்மதி. ஆனால் இனி அப்படிச் செய்யாதீர்கள். பல கீமோ மருந்துகளில் 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நாட்களில் வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், 100.4 டிகிரியைத் தொட்டால், அல்லது காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலும், மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து, கோவை வரை போக நினைக்காமல், பக்கத்திலிருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாக, “கீமோ போட்டு ஒன்பது நாள் ஆகிறது, இப்போது காய்ச்சல்” என்று சொல்லி அட்டையைக் காட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். கீழே அனுப்புவதா என்பதை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு இரவு மாத்திரையிலேயே சமாளித்துவிட்டு மூன்றாம் நாள் வந்த ஓர் இளைஞரை நாங்கள் இழந்தோம். அவருடைய கட்டி நன்றாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. இந்த ஒரு பதிலையாவது எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

கேள்வி (மஞ்சூர்): மாமியாருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று. 25 நாள் கரண்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். தினமும் போய் வரலாமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அவரைத் தனியாக வைக்க வேண்டுமா?

பதில்: கரண்ட் என்று நம் மக்கள் சொல்வது கதிர்வீச்சு. வாரத்தில் ஐந்து நாள் என்று ஐந்து வாரம் அது நடக்கும். வாரம் ஒருமுறை கீமோவும் சேர்ந்திருக்கலாம். அதன் பிறகு கருவியை உள்ளே வைத்துக் கொடுக்கும் சில அமர்வுகள் உண்டு. எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். இடையில் நாட்கள் விட்டுப்போனால் பலன் குறையும். வயிற்றுப்போக்கும் களைப்பும் இருக்கும்போது தினமும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குவது முடியாத காரியம். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபட்டால் அன்றைய சிகிச்சையும் போய்விடும். கீழேயே தங்க வையுங்கள். வார்டில் படுக்கை கிடைக்குமா, அருகில் குறைந்த செலவில் தங்கும் இடம் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் அவர் உடம்பில் தங்குவதில்லை. சனி, ஞாயிறில் பேரக்குழந்தையை அவர் மடியில் தாராளமாகக் கொடுங்கள்.

கேள்வி (ஊட்டி): செலவுக்கு என்ன வழி?

பதில்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றை முன்பே தயாராக வையுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ வேறு ஊருக்கோ சிகிச்சைக்காக ரயிலில் போக நேர்ந்தால், நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்க வேண்டும்.

கேள்வி (பந்தலூர்): தாத்தாவுக்கு வலி தாங்க முடியவில்லை. மார்ஃபின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதைத் தொடங்கினால் முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தமா?

பதில்: இல்லை, ஐயா. மார்ஃபின் வலிக்கான மருந்து; மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைக்காது. வலியில் துடிப்பவர் சாப்பிடவோ தூங்கவோ முடியாது. வலி அடங்கினால் அவர் எழுந்து உட்கார்ந்து உங்களோடு பேசுவார். வலி வந்த பிறகு கொடுப்பதல்ல. சொன்ன நேரத்துக்குத் தவறாமல் கொடுக்க வேண்டும். முதல் சில நாட்கள் மயக்கமும் குமட்டலும் இருந்து பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணச் செவிலியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாத்தாவின் பெயரைப் பதிந்துவையுங்கள். மாத்திரையைக் குழந்தைகள் கைக்கு எட்டாதபடி பெட்டியில் பூட்டிவையுங்கள். ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள், ஏனென்றால் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது.