பிழைத்த பக்கத்தைக் கிழிக்கும் பிள்ளை

கேள்வி: தரம் 9 இல் படிக்கும் என் மகன், கணக்குப் பிழைத்தால் அந்தப் பக்கத்தையே கொப்பியிலிருந்து கிழித்துவிடுகிறான். விஞ்ஞானிகளைப் பற்றிச் சொன்னால், அவர்கள் பிறவி மேதைகள் என்கிறான். யாரை முன்மாதிரியாகக் காட்டலாம்?
– ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் பரடேயைக் காட்டுங்கள். 1791 இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்த அவர், லண்டனில் புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்து, கட்டுவதற்கு வந்த நூல்களை வாசித்தே விஞ்ஞானம் கற்றார்; உயர் கணிதம் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. ஒரு கம்பியில் ஓடும் மின்சாரத்தால் பக்கத்துக் கம்பியிலும் மின்னோட்டத்தைத் தூண்ட 1825 இல் அவர் செய்த முயற்சி பலிக்கவில்லை. ஆயினும் அதையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1831 ஆகஸ்டில், இரும்பு வளையமொன்றின் இரு பக்கங்களிலும் கம்பி சுற்றி, ஒரு சுற்றை மின்கல அடுக்குடன் இணைத்தபோது, மற்றச் சுற்றோடு தொடுத்திருந்த கம்பியின் அருகிலிருந்த காந்த ஊசி ஒரு கணம் அசைந்து பழைய நிலைக்குத் திரும்பியது; இணைப்பைக் கழற்றியபோது மறுபடியும் அசைந்தது. வேறொருவர் கைத்தவறு என்று விட்டிருக்கக்கூடிய அந்தச் சிறு அசைவை அவர் விடவில்லை; காந்தத்தன்மை மாறும் கணத்தில் கம்பியில் மின்னோட்டம் பிறக்கிறது என்பதை அது காட்டியது.

போர்க்காலத்தில் மின்சாரமின்றி, சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவால் வானொலி கேட்டோமே, அது அந்த அசைவின் பேரப்பிள்ளைதான். பழைய டைனமோ ஒன்றைக் கழற்றி, உள்ளேயிருக்கும் காந்தத்தையும் கம்பிச்சுருளையும் மகனுக்குக் காட்டுங்கள். (மேதை என்ற சொல்லை வீட்டில் சிறிது காலம் ஒதுக்கிவைப்பதும் நல்லது.) பிழைத்த கணக்குக்குக் குறுக்கே ஒரு கோடு மட்டும் இழுத்து, எந்த வரியில் பிழைத்தது என்பதை அதன் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.