யானை முதலில் வரும்: தடுப்பூசிச் சுத்திகரிப்பு, கேள்வி பதில்

மண்டபத்தில் பிறந்தவள் நான். ஒரு தடுப்பூசி ஆலையில் வைரஸைச் சுத்தம் செய்யும் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தங்கச்சிமடம்: அக்கா, அப்பாவுக்கு நாய் கடித்தபோது வயிற்றைச் சுற்றி 14 ஊசி போட்டார்களாம். இப்போது கையில் போட்டு அனுப்பிவிடுகிறார்களே?

மருந்தே வேறு. அப்போது ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்தார்கள். அந்த மூளைச் சதையும் சேர்ந்தே உடம்புக்குள் போகும். அதனாலேயே சிலருக்குக் கைகால் விழுந்தது. இந்தியாவில் 2004 முடிவோடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது வெரோ என்ற குரங்குச் சிறுநீரக செல்லிலோ, கோழிக்கரு செல்லிலோ வளர்த்து, செயலிழக்க வைத்து, சுத்தம் செய்து தருகிறார்கள். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடுவதென்றால் 0, 3, 7, 28ஆம் நாட்கள். ஒரு நாளைக்கூட விட்டுவிடாதீர்கள்.

ராமேஸ்வரம்: குரங்கு செல் என்றால் பயமாக இருக்கிறதே. பிள்ளைக்கு அதுவும் சேர்ந்து போகுமா?

செல் போகாது. உடைந்த செல்லின் டிஎன்ஏ துணுக்குதான் கவலை. அதை நொதியால் வெட்டி, குரோமட்டோகிராபியில், அதாவது மணிகள் நிரப்பிய குழாய் வழியாக ஓடவிட்டுப் பிரிக்கும் முறையில் கழிப்போம். வெரோ போன்ற செல்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, ஒரு டோசுக்கு 10 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்.

பாம்பன்: எல்லாம் வலைக்கண் கணக்குதானே? பொடிசு ஒழுகிவிடும், பெரிசு தங்கும்.

வடிகட்டிக்கு அது சரி அண்ணே. அளவை வைத்துப் பிரிக்கும் மணிக் குழாயில் நேர் தலைகீழ். கோயில் யானையும் ஒரு சிறுபிள்ளையும் சந்தைத் தெருவில் நுழைகிறார்கள் என்று வையுங்கள். யானை எந்தக் கடைக்குள்ளும் புக முடியாது, நேராக நடந்து தெருவைத் தாண்டிவிடும். பிள்ளை ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிக் கடைசியில் வரும். மணியிலுள்ள துளைகள்தான் கடைகள். வைரஸ் முதலில் வெளியே வரும், சின்னப் புரதங்கள் பின்னால் வரும். போலியோ வைரஸ் வெறும் 30 நானோமீட்டர்தான், அதுவே அங்கே யானை.

மண்டபம், கல்லூரி மாணவி: அந்த மணிகள் கடற்பாசியில் செய்தவை என்கிறார்களே, நிஜமா அத்தை?

நிஜம்தான். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி எல்லாம் அகர் தருபவை. அந்த அகரிலிருந்து சல்பேட் ஏறிய பகுதியை நீக்கினால் மிஞ்சுவது அகரோஸ். 1960களில் ஸ்வீடனின் உப்சாலாவில் அதை மணியாக்கினார்கள். நூற்றுக்கு நாலு பங்கு அகரோஸ், மீதி தண்ணீர். 20 சதவீத எத்தனாலில் ஊறி வரும். டப்பாவைத் திறந்தால் ஆறிப்போன சவ்வரிசிக் கஞ்சி மாதிரி இருக்கும். முதல் தடவை விரலில் தொட்டுப் பார்த்தபோது அம்மா ஞாபகம்தான் வந்தது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறித்தவள். நம்ம பக்கத்துப் பாசி பெரும்பாலும் சாப்பாட்டு அகருக்குத்தான் போகிறது, அது வேறு கதை.

தொண்டி, பயோடெக் மாணவர்: அயனிப் பரிமாற்ற மணிகள், அதாவது மின்னூட்டத்தால் ஈர்க்கும் மணிகள், புரதத்தை அள்ளிப் பிடிக்கின்றன. வைரஸை மட்டும் ஏன் கொஞ்சமாகப் பிடிக்கின்றன?

துளைக்குள் நுழைய முடியாததால் மணியின் மேல்தோலில் மட்டும் ஒட்டுகிறது. உள்ளே அத்தனை இடமும் வீண். அதனால்தான் மணிக்குப் பதில் அகலக் கால்வாய் கொண்ட மோனோலித் (ஒரே கட்டியாக வார்த்தது), சவ்வு என்று போனார்கள். இன்னொரு தந்திரம்: வெளி ஓடு எதையும் ஒட்டவிடாது, நடுப்பகுதி மட்டும் பிடிக்கும் என்கிற மணி. அழுக்கு உள்ளே மாட்டும், வைரஸ் வெளியோடு ஓடிவிடும். எனக்குப் பிடித்தது சல்பேட் ஏற்றிய செல்லுலோஸ். ரேபிஸ், இன்ஃப்ளூயன்ஸா வைரஸ்கள் அதில் ஒட்டும், உப்பைக் கூட்டினால் கழன்றுவிடும். அகரில் வேண்டாமென்று கழித்த அதே சல்பேட்டை இங்கே வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள், பாருங்கள்!

தேவிபட்டினம்: இறால் வெள்ளைப்புள்ளி நோய்க்கு இதுபோல ஊசி?

இறாலுக்கு நம்மைப் போல எதிர்ப்புப் புரதம் உருவாகாது. பரிசோதித்த நல்ல குஞ்சுதான் வழி.

கீழக்கரை: நீங்கள் சொதப்பியதுண்டா?

இல்லாமலா! ஒரு இரவு ஷிஃப்டில் பஃபர் தொட்டி, அதாவது குழாயில் ஓடும் கரைசலின் தொட்டி, காலியானதை நான் கவனிக்கவில்லை. மணிக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. விடிந்து பார்த்தால் உள்ளே மணிகள் கோடைக் கண்மாய் மாதிரி வெடித்துக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கரைத்து, திரும்ப நிரப்பி, கொஞ்சம் உப்புநீர் விட்டுப் பார்த்தோம். வெளியே வரும் உப்பின் வரைபடத்தில் கூர்மையான ஒற்றை முகடு வர வேண்டும். இரண்டு தடவை வாலை இழுத்துக்கொண்டு வந்தது. மூன்றாம் தடவை சரியாக வந்தபோது மறுநாள் ஷிஃப்ட் தொடங்கிவிட்டது. அன்று நான் உட்கார்ந்தது தொட்டிக்குப் பக்கத்தில்தான்.