ச்சாரி என்றால் நாலு

அன்புள்ள ஐயா,

காரைக்குடிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் யூகேஜி எடுக்கிறேன். 22 பிள்ளைகள். கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரர் மகன் ஒருவன், வீட்டில் இந்தி பேசும் இரண்டு பேர், வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் வீட்டுப் பெண் ஒருத்தி. மெதுவாகச் சொல்லித் தரலாமே என்று இந்த நால்வரையும் ஒரு குழுவாக்கினேன். மூன்று மாதமாக அந்தக் குழுவில் சத்தமே இல்லை. நான் அங்கே போய் உட்கார்ந்தால் மற்ற குழுக்கள் சந்தையாகிவிடுகின்றன. என்ன செய்ய?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அந்தக் குழுவை நாளைக்கே கலைத்துவிடுங்கள். அந்த நால்வருக்கும் பொது, தமிழ் தெரியாது என்பது ஒன்றுதான். யார் பேச்சைக் கேட்டு யார் பேசுவது? புதுமொழிக்குள் வரும் குழந்தை சில மாதம்கூட வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும். அது இயல்பு. ஆனால் கேட்க, பக்கத்தில் இன்னோர் அஞ்சு வயசுப் பேச்சு ஓட வேண்டுமே.

பள்ளத்தூரில் ஒரு பால்வாடியில் பார்த்தது இது. நாலு பிள்ளைகள், நடுவில் ஒரு பல்லாங்குழி, ஒரு கொட்டான் நிறையப் புளியங்கொட்டை. குழிக்கு அஞ்சு. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு', குழிக்குச் சொந்தக்காரர் அள்ளிக்கொள்ளலாம். அதுவரை பேசாத ஓர் ஒடியாப் பையன் திடீரென்று குழியைத் தொட்டு "ச்சாரி!" என்றான். "எதுக்குடா சாரி?" என்றாள் எதிரே இருந்தவள். அவன் நாலு விரலைக் காட்டினான். ஒடியாவில் ச்சாரி என்றால் நாலு. அதன்பிறகு பசு விழுந்தபோதெல்லாம் நால்வரும் "ச்சாரி!" என்று கத்தினார்கள். டீச்சர் அடுத்த மேசையில் இருந்தார். (மூக்கில் போடும் வயசு என்றால் புளியங்கொட்டை வேண்டாம், பெரிய களிமண் உருண்டை போதும்.)

சந்தையாவதற்குக் காரணம், நீங்கள் இல்லாத மேசைகளில் புதுவேலை கொடுப்பது. அங்கே பழகிய வேலைதான் இருக்க வேண்டும். புதுசு உங்கள் மேசையில் மட்டும், பத்து நிமிஷம். பிறகு மாற்றி உட்காருங்கள்.

குழுவையும் அடிக்கடி கலைத்துப் போடுங்கள். 2022-இல் வந்த தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், கற்றல் நிலைப்படி பிரித்த குழுக்களுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று அழகாகத்தான் பெயர் வைத்தார்கள். ஆனால் எந்தப் பெயர் வைத்தாலும் யார் கடைசி என்பதைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மாண்டிசோரி அம்மையார் மூன்று வயது முதல் ஆறு வயது வரை ஒரே அறையில் வைத்தது சும்மா இல்லை. பெரியது செய்வதைச் சின்னது பார்க்கும்.

அந்த வாக்ரிபோலிப் பெண்ணுக்கு மணி கோக்கத் தெரிந்திருக்கலாம். தெரியுமென்றால் ஒருநாள் அந்த மேசைக்கு அவளே டீச்சர். ஒருநாள்தான். மறுநாள் அவளைப் பல்லாங்குழிக்கு அனுப்பிவிடுங்கள்.