ஃபேன் ஏன் கத்துகிறது? பழைய டெஸ்க்டாப் கேள்வி-பதில்

சித்திரை பிறக்கும் முன்பே இந்த முறை கேள்விகள் குவிந்துவிட்டன. நகரி, ஊத்துக்கோட்டை, சத்தியவேடு என்று எல்லாம் வெயில் ஊர்கள். எழுதியவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் கோர் 2 டியோ, பழைய ஐ3 மாதிரி இன்டெல் பிராசசர் போட்ட மெஷின்கள்தான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தறிக்கூடத்தை ஒட்டிய அறையில்தான் கணக்குப் பார்க்கிற கம்ப்யூட்டர் இருக்கிறது. ஃபேனை இரண்டு முறை மாற்றியும் கொஞ்ச நாளில் மறுபடி அதே இரைச்சல். ஃபேன் மட்டமா சார்? (நகரி)

ஃபேனைத் திட்டாதீர்கள், அது சொன்ன வேலையைத்தான் செய்கிறது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் சூடானால், அது உட்கார்ந்திருக்கும் மதர்போர்டு ஃபேனை வேகமாகச் சுற்றச் சொல்லும். வேகம் கூடினால் இரைச்சலும் கூடும். உங்கள் ஊரில் அந்தச் சூட்டுக்குக் காரணம் பஞ்சு. விசைத்தறியிலிருந்து பறக்கிற நூல் தூசு, ஃபேனுக்கும் அதன் அடியில் பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்குக்கும் நடுவில் போய்ப் படியும். மேலிருந்து பார்த்தால் இறக்கையில் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான் தெரியும். ஃபேனைக் கழற்றினால் அடியில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் இருக்கும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும்.

தறி எண்ணெயும் அதில் சேர்ந்திருந்தால் ப்ளோயர் காற்றுக்கு அது அசையாது. மேலேயிருந்து ஊதினால் இன்னும் இறுகும். அதனால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், ஃபேனைப் பிரியுங்கள், கையால் உரித்து எடுங்கள், மிச்சத்தைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். ப்ளோயர் அப்புறம்தான். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காற்றடிப்பவர்கள் உண்டு. அந்த கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும், வேண்டாம்.

சுத்தம் செய்த கையோடு கேபினெட்டை (கம்ப்யூட்டர் பெட்டியை) தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்த்தி வையுங்கள். காற்று உள்ளே போகும் முன்பக்கத்தில் ஒரு துண்டு கொசுவலையை வெளியிலிருந்து ஒட்டலாம். ஆனால் வாரம் ஒருமுறை அதை உதறியாக வேண்டும். உதறாத வலை, இருக்கிற காற்றையும் அடைத்துவிடும். இதெல்லாம் சோம்பலாக இருந்தால் கம்ப்யூட்டரை வேறு அறைக்கு மாற்றுங்கள், அதுவே உத்தமம்.

டிசம்பரில் நன்றாக ஓடியது. இப்போது அரைமணி நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) பார்த்தால் பிராசசர் சூடு 92 டிகிரி காட்டுகிறது. வெயில்தான் காரணமா? (ஊத்துக்கோட்டை)

வெயிலுக்குப் பங்கு உண்டு, முழுப் பழியும் அதன் மேல் இல்லை. எந்த ஃபேனாலும் பிராசசரை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறைச் சூடு எவ்வளவு ஏறுகிறதோ, ஏறக்குறைய அதே அளவு உள்ளேயும் ஏறும். அறை 27 டிகிரியாக இருந்தபோது 60 காட்டிய மெஷின், தகர ஷீட்டுக்குக் கீழே 40 ஆகும்போது 73 பக்கம் காட்ட வேண்டும். அதுவும் பயாஸ் திரையில், பெரிய வேலை எதுவும் நடக்காதபோதே 92 என்றால் மிச்சச் சூட்டுக்கு வேறு காரணம் தேட வேண்டும். தானாக அணைவது பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற ஏற்பாடு.

முதல் சந்தேகம் தெர்மல் பேஸ்ட், அதாவது பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவியிருக்கும் பசை. பல வருடம் ஆனால் அது காய்ந்து சுண்ணாம்புப் பொடியாக உதிரும். இரண்டாவது, ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் பின்கள். இன்டெல்லுடன் வரும் ஃபேன்களில் இந்தப் பின்களுக்கு அடிக்கடி வயசாகிவிடும். ஒரு மூலை கழன்றாலும் ஹீட்சிங்க் சாய்ந்து, பிராசசரோடு ஒட்டாமல் நிற்கும். மெதுவாக ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அதுதான்.

பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, பிராசசரின் நடுவில் ஒரு அரிசி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற வேலை வேண்டாம்; அழுத்தினால் தானே பரவும். பின்களைக் குறுக்குக் குறுக்காக, ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். மதர்போர்டின் பின்பக்கம் நான்கு நுனியும் விரிந்து வெளியே வந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் கேபினெட்டை மூடாதீர்கள்.

பழைய ஏஎம்டி பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹீட்சிங்கை நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட் பிராசசரையும் சேர்த்துச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வந்துவிடும், கால்கள் வளைந்துவிடும். பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைக் கழற்றி, சூடு இருக்கும்போதே ஹீட்சிங்கை இடம் வலமாக லேசாகத் திருகி எடுங்கள்.

பக்கவாட்டு மூடியைத் திறந்தே வைத்திருக்கிறேன். தப்பா அண்ணா? (சித்தூர், ஜெராக்ஸ் கடை)

சோதனைக்கு நல்ல வழி. திறந்ததும் சூடு நன்றாகக் குறைந்தால் கேபினெட்டில் காற்றோட்டம் இல்லை என்று அர்த்தம். பின்பக்கம் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் போட்டு மூடிவிடுங்கள். பழைய கேபினெட்டில் இடம் இல்லையென்றால் 80. திறந்தே வைத்தால் ஜெராக்ஸ் டோனர் தூளும் பல்லியும் உள்ளே போகும். கம்ப்யூட்டர் டேபிளில் கதவு போட்ட பொந்துக்குள் கேபினெட் இருந்தால், அந்தப் பொந்தின் பின்பலகையைக் கழற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

காலையில் ஆன் செய்ததும் கரகரவென்று சத்தம். பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. (குப்பம்)

ஃபேனுக்குள் எண்ணெய் வற்றிவிட்டது. ராத்திரி முழுக்க ஓடாமல் இருப்பதில் மிச்ச எண்ணெயும் கெட்டியாகி, சூடான பிறகு இளகுகிறது. நடு ஸ்டிக்கரை உரித்து, அடியில் ரப்பர் மூடி இருந்தால் அதையும் எடுத்துவிட்டு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். இது தற்காலிகம்தான், புது ஃபேனுக்குச் சொல்லி வையுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ‘உர்ர்’ என்கிறது. (பள்ளிப்பட்டு)

அந்த நேரம் சீலிங் ஃபேனும் முனகுகிறதா? முனகினால் இன்வெர்ட்டர், மின்சாரத்தைச் சீராகத் தராமல் வெட்டி வெட்டித் தரும் ஸ்கொயர் வேவ் ரகமாக இருக்கும். சத்தம் ஃபேனில் இல்லை, எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) இருக்கும் காயில்கள் அதிர்கின்றன. கரண்டில் அமைதியாக ஓடினால் கம்ப்யூட்டரில் கைவைக்க வேண்டியதில்லை. அடுத்த முறை இன்வெர்ட்டர் வாங்கும்போது சைன் வேவ் கேட்டு வாங்குங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை நானே திறந்து சுத்தம் செய்யலாமா? உள்ளே பல்லி செத்துக் கிடக்கிறது. (புத்தூர்)

கூடாது. நம் 230 வோல்ட் உள்ளே போனதும் 325 வோல்ட் டிசியாகி பெரிய கெபாசிட்டர்களில் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும். பல்லியோடு கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். கருகின வாசனை வந்தால் சரிசெய்யக்கூடச் சொல்லாமல் மாற்றுங்கள்.

காசு செலவில்லாமல் சத்தத்தைக் குறைக்க சாஃப்ட்வேர் வழி உண்டா? (சத்தியவேடு)

உண்டு. பயாஸில் ‘ஸ்மார்ட் ஃபேன்’ மாதிரி ஒரு அமைப்பு அணைந்திருக்கும், அதை இயக்குங்கள். பழைய போர்டுகள் பலவற்றில் சிபியு ஃபேன் ஒயர் நான்கு பின்னாக இருந்தால்தான் அது கேட்கும். மூன்று பின் ஃபேன் முழு வேகத்திலேயே ஓடும். அப்புறம், விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசசரின் அதிகபட்ச அளவை 100-லிருந்து 99 சதவீதம் ஆக்கினால், டர்போ (தேவைப்படும்போது தானாக வேகம் கூட்டும் வசதி) உள்ள ஐ5 மாதிரி மெஷின்களில் டர்போ நின்று சூடு குறையும். ஐ3-யிலும் கோர் 2 டியோவிலும் இதனால் பெரிய பலன் இல்லை. ஆனால் வரிசையை மாற்றாதீர்கள்: தூசியும் பேஸ்ட்டும் முடித்த பிறகுதான் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஃபேன் சத்தம், உள்ளே சூடு ஏறியிருக்கிறது என்று சொல்லும் எச்சரிக்கை.