ஹைன்ரிக் நெய்ஹவுஸ்: பியானோ மேதைகளை உருவாக்கிய ஆசிரியர்

சோவியத் பியானோ மேதைகள் ரிக்டர், கிலெல்ஸ் இருவருக்கும் ஒரே ஆசிரியராமே, அவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்தான் ஹைன்ரிக் நெய்ஹவுஸ்.

1888இல் உக்ரைனின் யெலிசவெத்கிராத் நகரில் (இன்றைய க்ரோபிவ்னிட்ஸ்கி) பிறந்தார். அப்பா, அம்மா இருவருமே பியானோ ஆசிரியர்கள். தாய்மாமன் ஃபெலிக்ஸ் புளுமென்ஃபெல்டும் பேர்பெற்ற பியானோ கலைஞர். போலந்து இசையமைப்பாளர் ஷிமனோவ்ஸ்கி நெருங்கிய உறவினர். இப்படியொரு வீட்டில் வேறு தொழிலுக்குப் போயிருந்தால்தான் ஆச்சரியம்! பின்னர் புகழ்பெற்ற பியானோ கலைஞர் கோடோவ்ஸ்கியிடம் பயின்றார். கீவ் இசைக்கல்லூரியில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு, 1922இல் மாஸ்கோ இசைக்கல்லூரிக்கு மாறினார்.

ஆசிரியராக அவரைப் புரிந்துகொள்ள ரிக்டர் கதை ஒன்றே போதும். 1937இல் ஒடெசாவிலிருந்து வந்த அந்த இளைஞர் முறையான இசைக்கல்வி பெறாதவர். வாசிப்பைக் கேட்டதுமே மேதை என்று கண்டுகொண்டார் நெய்ஹவுஸ். அரசியல் பாடங்களுக்குப் போகாததால் ரிக்டர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டபோது, திரும்ப அழைத்துச் சேர்த்துக்கொண்டவரும் இவரே. தங்க இடமில்லாத மாணவர் ஆசிரியர் வீட்டில், பியானோவுக்கு அடியிலேயே படுத்துத் தூங்கினார்.

மாணவர்களின் விரல் வேகத்தை நெய்ஹவுஸ் தனியாக வளர்க்கவில்லை. முதலில் இசையின் உருவம் மனதில் தெளிய வேண்டும்; அடுத்து ஒலியின் தரம்; விரல் உத்தி இவற்றுக்குப் பின்னால்தான். 1958இல் வெளியான அவரது 'பியானோ வாசிப்புக் கலை' நூல் சொல்வதும் இதையே.

1941இல் சோவியத் அரசு அவரைக் கைது செய்து, பிறகு மாஸ்கோவிலிருந்து வெளியேற்றி யூரல் மலைப் பகுதிக்கு அனுப்பியது. அங்கேயும் கற்பித்தார். 1944இல் மாஸ்கோ திரும்பினார், 1964இல் காலமானார். பேரன் ஸ்டானிஸ்லாவ் பூனின் 1985 சர்வதேச ஷொபேன் பியானோ போட்டியில் முதல் பரிசு வென்றார்.