ஊசுட்டேரியில் மாடு மேய்க்க அட்டை வாங்க வேண்டுமா?

புதுச்சேரியின் கூடப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நாலு கறவை மாடு வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து ஊசுட்டேரியில்தான் மேய்ச்சல். இப்போது வனக்காவலர் திருப்பி அனுப்புகிறார். பணம் கொடுத்தால் மேய்ச்சல் அட்டை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?"

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008 முதல் பறவைகள் சரணாலயம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் மேய்ச்சலை அனுமதிப்பதும் நிறுத்துவதும் தலைமை வனவிலங்குக் காப்பாளர் கையில் இருக்கிறது. தரகர் கையில் இல்லை. அட்டை என்று எதையாவது நீட்டினால், யார் கையெழுத்து, என்ன உத்தரவு எண் என்று கேளுங்கள். ரப்பர் ஸ்டாம்ப் விழுந்த தாளெல்லாம் அனுமதி ஆகிவிடாது. மாட்டைப் பிடித்துக்கொண்டு போகும் நாளில் அந்த ஆள் போனை எடுக்க மாட்டார்.

இன்னொன்று, தடுப்பூசி. ஊசி போடாத மாட்டைச் சரணாலயத்துக்குள் ஓட்டவே கூடாது என்கிறது அதே சட்டம். சுற்றி 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் மாடுகளுக்கு ஊசி போட ஏற்பாடு செய்வதும் அதே காப்பாளரின் கடமை. கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசம். மாட்டின் காதில் மாட்டும் அடையாள வில்லையின் 12 இலக்க எண்ணில் அது பதிவாகிறதா என்று நின்று பாருங்கள். இலவச ஊசிக்கும் காசு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏரியில் பாதி தமிழ்நாடு. அந்தப் பக்கமும் சரணாலயம்தான். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று தடையைச் சுருக்கியது. சரணாலயம் அந்தப் பட்டியலில் இருக்கிறது, பாருங்கள். இங்கே உங்களுக்கு அனுமதி கிடைத்தாலும் அங்கே செல்லாது. தண்ணீர் வற்றினால் எல்லை எது என்று மாட்டுக்குத் தெரியாது. கூட ஆள் இல்லாமல் விடாதீர்கள்.

மேய்ச்சலே பறவைக்குப் பகை என்று நான் சொல்லவில்லை. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் 1982-ல் மேய்ச்சலை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அப்புறம் புல் மண்டித் தண்ணீர்ப் பரப்பை அடைத்துக்கொண்டது, பறவைகளுக்கே இடைஞ்சலானது. இத்தனை வருஷம் கழித்தும் எந்த மாதம், எந்தக் கரை, எத்தனை மாடு என்று உட்கார்ந்து பேசாமல், காவலரைக் குச்சியோடு நிறுத்தினால் போதும் என்று நினைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் நீங்களே கேளுங்கள். ஊரில் மாடு வைத்திருக்கும் எல்லாரும் சேர்ந்து ஒரே மனு எழுதுங்கள். மாடுகளின் எண்ணிக்கை, வில்லை எண், ஓட்டிப்போகும் வழி, நேரம் எல்லாம் அதில் இருக்கட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெளியூர் வாத்துகள் தங்கும் ஆழமில்லாத தண்ணீரில் மாட்டை இறக்க மாட்டோம், நாயைக் கூட்டி வர மாட்டோம், ஆள்காட்டிப் பறவை தரையில் முட்டையிடும் கோடையில் அந்த இடத்தை விட்டு மேய்ப்போம், புதுப் புல்லுக்காகக் கோரைக்குத் தீ வைக்க மாட்டோம் என்று நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். வனத்துறை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பதில் வரும்வரை மாடுகள் கரைக்கு வெளியிலேயே மேயட்டும்.