1990இல் வந்த 'டிக் ட்ரேசி' படம் காமிக்ஸ் பக்கம் மாதிரியே தெரிவது எப்படி?

முதல் காரணம் நிறம். துப்பறிவாளர் டிக் ட்ரேசியை வைத்து செஸ்டர் கூல்ட் 1931இல் தொடங்கிய செய்தித்தாள் காமிக்ஸ் தொடர்தான் படத்தின் மூலம்; அதில் அச்சு மை சில நிறங்களே. இயக்குநர் வாரன் பேட்டியும் ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோவும் அதையே விதியாக்கினார்கள்: ஏறத்தாழ ஏழு நிறங்கள்தான், ஒவ்வொன்றிலும் ஒரே சாயல். ட்ரேசியின் மஞ்சள் கோட்டும் தொப்பியும் எந்தக் கூட்டத்திலும் தனித்துத் தெரிவது இதனால்தான்.

இதைச் செய்து பார்ப்பவர்கள் சறுக்குவது துணியில். ஒரே மஞ்சள் கம்பளியில் ஒரு மாதிரி, சுவர்ப் பூச்சில் வேறு மாதிரி தெரியும். படப்பிடிப்பு விளக்கிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தாக வேண்டும்.

அடுத்தது கேமரா. பெரும்பாலும் அசையாமல் நிற்கும். ஒவ்வொரு ஷாட்டும் காமிக்ஸ் பக்கத்தின் ஒரு கட்டம் மாதிரி. நகரக் காட்சிகளில் பல, கையால் தீட்டிய மேட் ஓவியங்கள், அதாவது நடிகர்களைப் படம்பிடித்த காட்சியோடு இணைக்கும் பின்னணி ஓவியங்கள். நடிகர்களைப் படம்பிடித்த கேமரா துளி அசைந்தாலும் ஓவியத்தோடு சேரும் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

முகங்களில் எடுத்த முடிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வில்லன்களுக்குச் செயற்கைத் தோல் ஒட்டி கோரமாக்கினார்கள். ஒப்பனைக்கு ஆஸ்கரும் கிடைத்தது. ட்ரேசிக்கு மட்டும் காமிக்ஸில் உள்ள கொக்கி மூக்கை ஒட்டவில்லை. நாயகன் முகம் இயல்பாக இருந்தால்தானே அவன் வலி நமக்குத் தெரியும்!